அகலம் களையா இருக்கணும்

“நீ சொன்ன மாதிரியே பண்ணி வெச்சுட்டேன். வந்து பாரு, எப்படிக் களையா இருக்குன்னு.”

இதைச் சொன்னபோது மேனேஜரின் முகமும் களையாகத்தான் இருந்தது. மனைவியின் தங்கை வருகிறாள் என்று பேருந்து நிறுத்தத்துக்கே ஜீப்பை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். வீட்டுக்குப் போய்ப் பையை இறக்கி வைத்துவிட்டு வருகிறேன் என்றவளை விடவில்லை.

“டீயாவது குடிச்சுட்டு வரேன் அத்தான்.”

“டீ எங்கயும் ஓடிடாது. முதல்ல தோட்டம்.”

அந்த வீட்டில் அவளுக்குச் செடிக்காரி என்று பேர். வைத்தவர் அவர்தான். மரத்தோட்டத்துக்கு வந்து மரத்தை நிமிர்ந்தும் பார்க்காமல், மரத்தடியில் என்ன முளைத்திருக்கிறது என்று குனிந்து எண்ணிக்கொண்டு போகிற ஒருத்திக்கு வேறு என்ன பேர் வைப்பது என்று கேட்பார். தாவர ஆராய்ச்சி நிலையத்தில் அவளுக்கு நீளமான பதவிப் பெயர் ஒன்று இருக்கிறது. அது இந்த வாசலைத் தாண்டி உள்ளே வந்ததில்லை.

தோட்டம் ஒரு ப்ளைவுட் ஆலைக்குச் சொந்தமானது. ஒரே வருஷம் நட்ட, ஒரே ஜாதி மரம்தான், ஆனால் இரண்டு பகுதி. ஒன்றில் மரங்களை நெருக்கி நட்டிருந்தார்கள். நடுவில் நின்று கையை விரித்தால் இந்தப் பக்க மரத்தையும் தொடலாம், அந்தப் பக்க மரத்தையும் தொடலாம். இன்னொன்றில் தாராளமாக இடம் விட்டு நட்டிருந்தார்கள். ஜீப்பை வரிசைக்குள்ளேயே திருப்பிவிடலாம். முதலாவதற்கு நெருக்கம் என்றும் இரண்டாவதற்கு அகலம் என்றும் பேராகிவிட்டது.

ஜீப் அகலத்தின் ஓரத்தில் நின்றது. செடிக்காரி இறங்கினாள். தோளில் மாட்டியிருந்த பிளாஸ்டிக் குழாய்ச் சட்டத்தைக் கையில் எடுத்தாள். அந்தச் சதுரத்தைத் தரையில் போட்டு, அதற்குள் முளைத்திருக்கிற செடிகளை வகை பிரித்து எண்ணுவதுதான் அவள் வேலை. எண்ணப்போன இடத்தில் தரை பாயை விரித்தது போல இருந்தது.

“அத்தான்.”

“சொல்லும்மா.”

“இங்க இருந்த செடியெல்லாம் எங்க?”

“எடுத்தாச்சே. சவரம் நேத்து முழுக்க நின்னு அடிச்சான். வேலியோரமா குவிச்சிருக்கான் பாரு. ஒரு குச்சி விடலை.”

சவரம் என்பது புல்வெட்டும் மெஷின்காரரின் பட்டப்பெயர். அவர் மெஷின் போன இடம் மழமழவென்று இருக்கும் என்பதால் வந்தது.

செடிக்காரி சட்டத்தைத் தரையில் போட்டாள். உள்ளே வெட்டுப்பட்ட தண்டுகள் பச்சைப் புள்ளிகளாகத் தெரிந்தன. சட்டத்தையே பார்த்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

“அழகா இருக்குல்ல” என்றார் மேனேஜர்.

“ரொம்ப அழகா இருக்கு அத்தான். உங்க தலை மாதிரியே இருக்கு.”

மேனேஜரின் கை தானாகத் தொப்பிக்குப் போயிற்று. தொப்பியைக் கழற்றிவிட்டு அவர் செய்வது தூங்குவது மட்டும்தான். அதையும் அவர் மனைவி சொல்லித்தான் நம்பவேண்டும்.

“ஏன், பிடிக்கலையா? நீதானே களையா இருக்கணும்னு சொன்ன.”

“களை இருக்கணும்னு சொன்னேன்.”

“அதைத்தானே நானும் சொல்றேன்.”

“களை அத்தான். களைச்செடி. நீங்க பிடுங்குவீங்களே, அது.”

மேனேஜர் வேலியோரக் குவியலைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த களை அங்கேயே, அப்போதே போயிற்று.

*

“திரும்பப் போடுங்க” என்றாள் அக்கா.

சாப்பாட்டு மேசையில் பாதி, பள்ளிக்கூடப் பாடப்புத்தகத் தாள்களுக்குச் சொந்தம். அவை அச்சுக்குப் போகும் முன் பிழை திருத்துகிறவள் அக்கா. சிவப்புப் பேனாவைக் காதில் செருகிக்கொண்டு, கணவரின் கைபேசியைத் தாள்களின் மேல் வைத்து, தங்கை அனுப்பியிருந்த குரல் செய்தியை மூன்றாவது முறையாகக் கேட்டாள்.

“அத்தான், நாந்தான். வெள்ளிக்கிழமை காலைல வரேன். மறுநாள் முதலாளியம்மாவும் வராங்க, தெரியுமில்ல? அதுக்குள்ள அகலம் நல்லா களையா இருக்கணும். ஆள் வெச்சாவது பாத்துக்குங்க. உங்களை நம்பித்தான் இருக்கேன். வெச்சுடறேன்.”

“கேட்டியா” என்றார் மேனேஜர். “முதலாளியம்மா வராங்க, களையா இருக்கணும், ஆள் வெச்சுப் பாத்துக்குங்க. இதுல நான் வேற என்ன புரிஞ்சுக்கணும்?”

“ஆள் வெச்சுன்னா காவலுக்கு ஆள் வைக்கச் சொன்னேன். உங்க சவரத்துக்கிட்ட இருந்து காப்பாத்தறதுக்கு.”

“நான் சவரத்தையே வெச்சுட்டேன்.”

“அதான் வெச்சீங்களே.”

அக்கா பேனாவைக் காதிலிருந்து எடுத்தாள். தீர்ப்பு வரப்போகிறது என்று அந்த வீட்டில் அர்த்தம்.

“தப்பு ரெண்டு பேர் மேலயும் இருக்கு. ஏன்டி, களையோட இருக்கணும்னு சொல்லியிருந்தா செடி. களையான்னு சொன்னா யாருக்கும் முகம்தான் ஞாபகத்துக்கு வரும்.”

“அப்படிச் சொல்லு” என்றார் மேனேஜர்.

“நீங்க இருங்க. பிறந்ததுல இருந்து ஒரு இடம் சுத்தமா இருக்கணும்னு இவ சொல்லி நான் கேட்டதில்லை. இவ ரூமை நீங்களும் பாத்திருக்கீங்க. உங்களுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டாமா?”

“அது நியாயம்தான்” என்றார் மேனேஜர்.

“என் ரூமை ஏன் இழுக்கறீங்க” என்றாள் செடிக்காரி. அவள் சிரிக்கவில்லை. கன்னத்தில் கையை ஊன்றியபடி ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

விஷயம் சிரிக்கிற மாதிரி இல்லை என்பது மூன்று பேருக்கும் தெரியும். ஆலைக்குப் புதிதாக ஒரு நிலம் வாங்கியிருந்தார்கள். மேட்டிலிருந்து சரிகிற நிலம், சரிவுக்குக் கீழே வீடுகள். அங்கே மரங்களை நெருக்கி நடுவதா, இடம் விட்டு நடுவதா என்பதை முதலாளியம்மா நாளைக்குத் தோட்டத்தைப் பார்த்த பிறகு சொல்வதாக இருந்தார். திங்கட்கிழமை குழி தோண்ட ஆட்கள் வருகிறார்கள். நெருக்கி நட்டால் மரம் அதிகம். அதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் நெருக்கத்தில் தரைக்கு வெளிச்சம் விழுவதில்லை, அடியில் ஒன்றும் முளைப்பதில்லை, வெறும் தரையை மழை அரித்துக்கொண்டு போய்விடும் என்பது செடிக்காரியின் கட்சி. மூன்று வருஷமாக இரண்டு பகுதியிலும் சட்டம் போட்டு எண்ணிக்கொண்டிருந்தது அதற்காகத்தான். கடைசி எண்ணிக்கை இன்றைக்கு.

மேனேஜரின் கட்சி நெருக்கம். அதை அவர் ஒளித்ததும் இல்லை.

“ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க” என்றாள் அக்கா. “நெஜமாவே தெரியாமத்தான் வெட்டச் சொன்னீங்களா?”

மேனேஜர் டீயில் நனைத்துக்கொண்டிருந்த பிஸ்கட் உடைந்து டம்ளருக்குள் விழுந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

“நீ என்ன சொல்ல வர்ற?”

“நான் ஒண்ணும் சொல்ல வரலை. நாளைக்கு முதலாளியம்மா இதைத்தான் நினைப்பாங்க.”

“அக்கா, சும்மா இரு. அத்தானுக்கு அவ்வளவு யோசிச்சுப் பண்ணத் தெரியாது.”

இது ஆதரவா இல்லையா என்று மேனேஜர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு ஸ்பூனால் பிஸ்கட்டைத் தேட ஆரம்பித்தார்.

“சரி, போன வருஷம் எண்ணி வெச்சிருக்க இல்ல? அதையே கொஞ்சம் கூட்டிக் குறைச்சு எழுதிடேன். செடி என்ன வந்து சாட்சி சொல்லப்போகுதா?”

“நடாத மரத்தை நட்டேன்னு நீங்க சொல்வீங்களா?”

“மாட்டேன்.”

“அப்புறம் எனக்கு மட்டும் ஏன் யோசனை சொல்றீங்க.”

“ஒரு ஆசைதான்” என்றார் மேனேஜர். “உன் முகத்தைப் பாக்க முடியலை.”

*

பத்து நிமிஷம் கழித்து அவர் வெளியே போனார். திரும்பி வந்தபோது முதுகில் ஒரு கோணி இருந்தது. அதைப் பின்வாசலில் பரப்பிய பழைய துணியின் மேல் கவிழ்த்தார். வாடிய பச்சை ஒரு சின்னக் குன்றாகச் சரிந்தது.

“இந்தா. உன் செடியெல்லாம் இதுல இருக்கு. உக்காந்து எண்ணிக்கோ.”

“எது எங்க முளைச்சதுன்னு கோணி சொல்லுமா அத்தான்?”

“எல்லாம் அகலத்துல முளைச்சதுதான்.”

“அது போதாது. எந்தச் சதுரத்துல எத்தனை, எந்த மரத்துக்கு எவ்வளவு தூரம், எல்லாம் வேணும்.”

“நீ கேக்கறதைப் பாத்தா ஒவ்வொண்ணுக்கும் வீட்டு விலாசம் இருக்கும் போல.”

“ஆமா. நேத்து வரைக்கும் இருந்துச்சு.”

ஆனாலும் அவள் வந்து உட்கார்ந்தாள். என்னென்ன இருந்தன என்றாவது தெரியட்டும் என்று பிரிக்க ஆரம்பித்தாள். மேனேஜரும் எதிரே உட்கார்ந்தார். அக்காவும் கதவில் சாய்ந்துகொண்டு, ஒரு கண்ணால் தாளையும் ஒரு கண்ணால் இவர்களையும் திருத்தினாள்.

“இது என்ன?”

“புல்லு.”

“இது?”

“அதுவும் புல்லு.”

“அது கோரை அத்தான். தண்டை உருட்டிப் பாருங்க, மூணு பட்டை தெரியும். புல்லு உருண்டையா இருக்கும்.”

அவர் உருட்டிப் பார்த்தார். இத்தனை வருஷம் இரண்டையும் ஒன்றாகவே வெட்டியிருக்கிறோம் என்று நினைத்தாரோ என்னவோ, தனியாக எடுத்து வைத்தார்.

“இது தெரியும். தொட்டாற்சிணுங்கி.”

“பரவாயில்லையே.”

“உங்க அக்காவைக் கல்யாணம் பண்ணினதுல இருந்து தெரியும்.”

“கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்” என்றாள் அக்கா, தாளிலிருந்து கண்ணை எடுக்காமல்.

குப்பைமேனி வந்தது. கீழாநெல்லி வந்தது. துத்தி, நாயுருவி, வெட்டுக்காயப்பூண்டு, பெரணியில் இரண்டு விதம். பேர் தெரியாதவற்றுக்கு மேனேஜர் தானே பேர் வைத்தார். வேட்டியில் ஒட்டிக்கொண்ட விதைக்குக் கடன்காரன் என்றார். சுற்றிச் சுற்றி மற்றதையெல்லாம் அமுக்கியிருந்த கொடி ஒன்றுக்கு, யார் காதிலும் விழாதபடி, ஆலைக் கணக்கரின் பேரை வைத்தார்.

“இத்தனையும் அகலத்துலயா இருந்தது?”

“நேத்து வரைக்கும்.”

“அதையே திரும்பத் திரும்பச் சொல்லாத. எனக்கே ஒரு மாதிரி இருக்கு.” அவர் கைகளைத் தட்டிக்கொண்டார். “ஆனா ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோ. இதெல்லாம் முளைச்சது இடம் விட்டு நட்டதால இல்லை. அந்தப் பக்கம் மண்ணே வேற. ஓடைப் பக்கம். ஈரம். இதை நான் முதல் வருஷத்துல இருந்து சொல்லிக்கிட்டிருக்கேன். நாளைக்கும் சொல்லுவேன்.”

“சொல்லுங்க.”

“பதில் இல்லை பாத்தியா.”

“இல்லைதான் அத்தான்.” செடிக்காரி கையிலிருந்த தண்டைக் கீழே வைத்தாள். “அதுக்கு மட்டும் என்கிட்ட நல்ல பதில் இல்லை. மண்ணைச் சோதிச்சேன், பெரிய வித்தியாசம் இல்லை. ஆனா ஈரத்தைப் பத்திக் கேட்டா உறுதியாச் சொல்ல முடியாது. அதுக்கு ஒரே ஒரு வழிதான் இருக்கு. நெருக்கத்துக்குள்ளயே, அதே மண்ணுல, நாலஞ்சு மரம் இல்லாம வெளிச்சம் விழற ஒரு இடம் இருக்கணும். அங்கயும் தரை வெறுமையா இருந்தா நீங்க சொல்ற மண்ணுதான் காரணம். முளைச்சிருந்தா நெருக்கம்தான் காரணம். அப்படி ஒரு இடம் இருந்திருந்தா இந்தக் கோணிக்குக்கூட நான் அழுதிருக்க மாட்டேன்.”

“நீ எங்க அழுத?”

“உள்ளுக்குள்ள.”

மேனேஜர் மறுபடியும் மேசையில் போய் உட்கார்ந்தார். ஆறிப்போன டீயை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார். அதில் பிஸ்கட் கரைந்து கிடந்தது. முகத்தைச் சுளிக்கக்கூட மறந்துவிட்டார்.

அக்கா தாளிலிருந்து தலையைத் தூக்கினாள்.

“என்னங்க.”

“ஒண்ணுமில்ல.”

“ஒண்ணுமில்லைன்னா ஏன் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் போடறீங்க?”

“வேர்க்குது.”

“மின்விசிறிக்குக் கீழ உக்காந்துக்கிட்டா?”

அவர் எழுந்து பின்வாசல் படி வரை போனார். திரும்பி வந்தார். மறுபடியும் போனார்.

“செருப்பை மாத்தி பூட்ஸ் போட்டுக்கோ” என்றார் செடிக்காரியிடம், முகத்தைக் காட்டாமல். “உன் சட்டத்தையும் எடுத்துக்கோ.”

“எங்க?”

“வாயேன். போற வழியில கேள்வி கேக்கக் கூடாது.”

*

நெருக்கத்துக்குள் போனால் பகலுக்கே கொஞ்சம் வயதாகிவிடும். மரங்கள் ஒல்லியாக, நெட்டையாக, ஒருவர் தோளில் ஒருவர் தலையைச் சாய்த்துக்கொண்டு பேருந்தில் நிற்கிறவர்கள் போல நின்றன. கீழே காய்ந்த இலை. அதைத் தவிர வேறொன்றும் இல்லை. செடிக்காரி எண்ணுவதற்காக நட்டிருந்த மரக்கட்டைகளைத் தாண்டி மேனேஜர் உள்ளே போனார். ஓரிடத்தில் காய்ந்த கிளைகளைக் குவித்து வழியை அடைத்திருந்தது. அவர் குனிந்து அவற்றை ஒவ்வொன்றாக இழுத்து ஒதுக்கினார்.

“இதை யாரு இங்க போட்டது அத்தான்?”

“கேள்வி கேக்கக் கூடாதுன்னேன்.”

“சரி.”

“நான்தான் போட்டேன்.”

கிளைகளுக்கு அப்பால் இன்னும் கொஞ்ச தூரம். பிறகு திடீரென்று முகத்தில் வெயில் அடித்தது.

நாலைந்து மரங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்து கிடந்தன. அவை நின்றிருந்த இடத்துக்கு மேலே வானம் வட்டமாகத் தெரிந்தது. அந்த வட்டத்துக்குக் கீழே முழங்கால் உயரத்துக்குப் பச்சை. பெரணி விழுந்த மரத்தின் மேலேயே ஏறியிருந்தது. குப்பைமேனி, துத்தி, மஞ்சள் பூவோடு ஏதோ ஒன்று. வட்டத்தின் ஓரத்தில், நிழல் தொடங்குகிற இடத்தில், கத்தரித்து விட்டது போல எல்லாம் நின்றுபோயிருந்தது.

செடிக்காரி சட்டத்தை மெதுவாகக் கீழே வைத்துவிட்டுச் சுற்றி வந்தாள். மறுபடியும் சுற்றி வந்தாள்.

“எப்ப விழுந்தது?”

“முந்தின வருஷம் ஒரு காத்து அடிச்சுதே, அப்ப. ஒண்ணு சாஞ்சா பக்கத்துல இருக்கறதும் சாயுது. ஒல்லிப் பசங்க, ஒருத்தரை ஒருத்தர் பிடிச்சுக்கிட்டு நிக்கறாங்க.” மேனேஜர் ஒரு கிளையை ஒடித்தார். “ஆலைக்குச் சொல்லிட்டேன், காத்துல மரம் போச்சுன்னு. எங்கன்னுதான் யாரும் கேக்கலை.”

“நான் கேட்டேனே. நெருக்கத்துல எங்கயாவது திறந்த இடம் இருக்கான்னு போன வருஷமே கேட்டேன்.”

“நீ கேட்ட.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“சாப்பிட வான்னு சொன்னேன்.”

அவள் அவரையே பார்த்தாள். அவர் மேலே பார்த்தார்.

“உனக்குக் காட்டினா நீ என்ன சொல்லுவன்னு எனக்குத் தெரியும்” என்றார். “பாருங்க அத்தான், ஒரே மண்ணு, மேல வெளிச்சம் வந்ததும் முளைச்சிடுச்சுன்னு சொல்லுவ. முதல் மழைக்கே எனக்கும் தெரிஞ்சுபோச்சு. அதான் மூடி வெச்சேன். என் வாயால மண்ணு மண்ணுன்னு சொல்லிட்டுத் திரிஞ்சவன், இதை எப்படிக் காட்டுவேன்?”

“அப்ப இப்ப ஏன் காட்டறீங்க?”

“தோக்கறதுன்னா உன்கிட்ட தோத்துப் பழக்கம் இருக்கு. ஆனா ஏமாத்தி ஜெயிச்சேன்னு உங்க அக்கா நினைச்சா, அந்த வீட்டுல எனக்கு டீ கிடைக்காது.”

செடிக்காரி குனிந்து சட்டத்தை முதல் இடத்தில் போட்டாள். அவள் முகம் தெரியவில்லை. குரல் மட்டும் கேட்டது.

“அத்தான், ஒண்ணு சொல்லட்டுமா?”

“வேண்டாம்னா விடுவியா?”

“உங்களுக்கும் உங்க நெருக்கத்துக்கும் சொட்டை ஒரே இடத்துல. ரெண்டு பேரும் மூடித்தான் வெச்சிருந்தீங்க.”

மேனேஜர் தொப்பியைக் கழற்றினார். உள்ளே வேர்த்திருந்தது. கர்ச்சீப்பால் துடைத்துக்கொண்டு, தொப்பியை விழுந்த மரத்தின் கிளையில் மாட்டினார்.

“சரி, எண்ணு. நான் எழுதறேன். ஆனா நீ சொல்ற பேரெல்லாம் எனக்கு எழுத வராது.”

“உங்க பேரையே எழுதுங்க.”

இருட்டுகிறவரை அவள் எண்ணினாள், அவர் எழுதினார். அன்றைய தாளில் கடன்காரன் என்று ஒரு வரி இன்னும் இருக்கிறது.

*

மறுநாள் முதலாளியம்மா மகனுடைய பூட்ஸைப் போட்டுக்கொண்டு வந்தார். நடக்கும்போது அது அவருக்கு முன்னால் ஒரு அடி போயிற்று. அதிகம் பேசாதவர். பேசினால் பதில் சொல்கிறவர் தயாராக இருக்கவேண்டும்.

அகலத்தில் நின்று வெட்டின தரையைப் பார்த்தார்.

“இதைப் பாக்கவா வரச்சொன்னீங்க?”

“இல்லைம்மா” என்றாள் செடிக்காரி. “இங்க இந்த வருஷக் கணக்கு என்கிட்ட இல்லை. எண்ணறதுக்கு முன்னாடி வெட்டிட்டாங்க. நான் சரியா சொல்லலை.”

“நான் சரியா கேக்கலை” என்றார் மேனேஜர்.

“யாரு மேல தப்பு?”

“ரெண்டு பேர் மேலயும்” என்றார்கள் இருவரும். அக்கா சொல்லிக்கொடுத்து அனுப்பியது அது.

பிறகு நெருக்கத்துக்குப் போனார்கள். முதலாளியம்மா காய்ந்த இலையின் மேல் நின்று சுற்றும் முற்றும் பார்த்தார்.

“சுத்தமா இருக்கு. ஆனா ஏன் இங்க களையே இல்லை?”

“எந்தக் களைம்மா?” என்று மேனேஜர் கேட்டுவிட்டார். நேற்றிலிருந்து அந்தச் சொல் வந்தாலே கேட்கிற பழக்கமாகிவிட்டது.

முதலாளியம்மா கொஞ்சம் யோசித்தார். “ரெண்டும்தான்” என்றார்.

மேனேஜர் முன்னால் நடந்தார். நேற்று ஒதுக்கிய கிளைகளைத் தாண்டி, வெயில் விழுகிற வட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். விழுந்த மரங்களைக் காட்டினார். எப்போது விழுந்தது, ஏன் விழுந்தது, அதை ஏன் மூடி வைத்தார் என்று எல்லாவற்றையும் அவரே சொன்னார். நடுவில் செடிக்காரி பேச வாயெடுத்தபோது, “இரும்மா, இது என் சொட்டை” என்றார்.

“அப்ப மண்ணு இல்லைன்னு நீங்களே சொல்றீங்க” என்றார் முதலாளியம்மா.

“மண்ணு இல்லைம்மா. வெளிச்சம்தான்.”

“நீ என்ன சொல்றே?”

“ஒரு இடத்தை வெச்சு எல்லாத்தையும் சொல்லிட முடியாது. ஆனா இதுக்கு முன்னாடி எண்ணினதோட சேர்த்துப் பாத்தா, மண்ணுங்கற பேச்சு நிக்காது” என்றாள் செடிக்காரி. “அதுக்காக ஒரேயடியா திறந்து விடவும் கூடாது. ரொம்ப இடைவெளி விட்டா ஒரு கோரையோ கொடியோ வந்து மத்ததை அமுக்கிடும். அகலத்துல இருக்கற அளவு போதும். மரம் கம்மியாகும், ஆனா தடிமனாகும்.”

“நட்டதுல எத்தனை நிக்குதுங்கறதும் கணக்குதான்” என்று முதலாளியம்மா விழுந்த மரத்தைப் பூட்ஸால் தட்டினார். “கீழ வீடு இருக்கு. புது நிலத்துல அகலமா நடுங்க. மரம் குறையுதுன்னு ஆலையில கேட்டா மேனேஜர்தான் பதில் சொல்லணும்.”

“சரிம்மா.”

“அந்தக் கிளையில என்ன தொங்குது?”

நேற்று மாட்டிய தொப்பி அங்கேயே இருந்தது. அதை எடுக்க மறந்துபோய், இன்று காலையிலிருந்து வெறும் தலையோடுதான் நடந்துகொண்டிருக்கிறோம் என்பது மேனேஜருக்கு அப்போதுதான் தெரிந்தது.

“அது இருக்கட்டும்மா” என்றாள் செடிக்காரி. “இடம் அடையாளம் தெரியணும்ல.”

*

புது நிலத்தில் கன்றுகள் ஒரு மழையைப் பார்த்துவிட்டன. செடிக்காரி ஆராய்ச்சி நிலையத்தில் மதியச் சாப்பாட்டைத் திறந்துகொண்டிருந்தபோது அத்தானிடமிருந்து குரல் செய்தி வந்தது.

“செடிக்காரி, நாந்தான். சவரம் மெஷினைத் தூக்கிக்கிட்டு வந்தான், திருப்பி அனுப்பிட்டேன். வெட்டினது எல்லாம் துளிர்த்து வந்திருக்கு, கடன்காரன்கூட வந்துட்டான். அகலம் நல்லா களையா இருக்கு. எந்தக் களைன்னு என்கிட்ட கேக்காத. நீயே வந்து பாத்துக்கோ.”

பின்னால் தாள் புரளுகிற சத்தம். பிறகு அக்காவின் குரல், சற்றுத் தள்ளியிருந்து:

“ரெண்டும்னு சொல்லுங்க. இல்லைன்னா அவ மறுபடியும் குழம்புவா.”